வேர் விசாரணை – 8: ஏறியவர் பெயர் இருக்கிறது, ஏற்றிவிட்டவர் பெயர்?

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, ராயபுரம் முதல் எண்ணூர் வரை வீட்டுக்கு வீடு ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2002, 2005 காலத்துப் பழைய பட்டியலில் உங்கள் பெயரோ அம்மா அப்பா பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. “அப்போ நாம செரியன் நகர்ல இருந்தோமா, தண்டையார்பேட்டைக்கு வந்துட்டோமா?” “அப்பா பேரு குப்பன்னு இருக்குமா, குப்புசாமின்னு இருக்குமா?” என்று பெரியவர்களைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். தெரு, வருடம், பெயரை எழுதிய விதம் – இந்த மூன்றும் பிடிபடாதவரை பட்டியலில் ஆள் அகப்படவில்லை.

குடும்ப வரலாறு கற்றுத்தரும் எந்த வகுப்புக்குப் போனாலும் முதல் பாடம் இதுதான். வடசென்னை அதை ஒரு ரூபாய் கட்டணம் இல்லாமல் படித்து முடித்துவிட்டது. இனி இரண்டாம் பாடத்துக்குப் போகலாம்.

இதை முறையாகச் சொல்லித்தரும் சங்கங்கள் மேல்நாடுகளில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894-இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கம்தான் இன்று ‘ஃபேமிலிசர்ச்’ என்ற இலவசத் தேடல் தளமாக வளர்ந்து நிற்கிறது. லண்டனில் ‘சொசைட்டி ஆஃப் ஜீனியாலஜிஸ்ட்ஸ்’ 1911-இல் வந்தது. கூட்டம், சந்தா, சஞ்சிகை, வகுப்பு என்று அங்கே இது பொதுமக்கள் கல்வியாகவே நடக்கிறது. கற்றுத்தரும் விதிகள் எளியவை. உன்னிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போ. ஒரு தலைமுறை உறுதியான பிறகே அடுத்ததைத் தொடு. காதால் கேட்டதையும் காகிதத்தில் பார்த்ததையும் தனித்தனியாக எழுது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று குறித்து வை.

நமக்கும் இந்த விதிகள் பொருந்தும். ஆனால் கடலையும் ஆலையையும் நம்பிப் பிழைத்த பகுதியில் கூடவே ஒரு கேள்வியும் தேவை: இந்த மனிதரின் பெயரை எழுதி வைப்பதால் அன்றைக்கு யாருக்கு லாபம்?

ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது, 342 பேர். 1911-இல் இந்த ஏற்றுமதி நிற்கும்வரை அப்படிப் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. காலனி எண், கப்பல் பெயர், ஆள் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்தத் தோட்டக்காரரிடம் அனுப்பப்பட்டார் என்பதுவரை கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். சொந்த ஊரில் ஒரு காகிதத்திலும் இடம் பெறாத ஏழையின் பெயர் கடல் கடந்த இடத்தில் இவ்வளவு விவரமாக இருப்பதற்குக் காரணம் கருணை அல்ல. பயணச் செலவு போட்டு வரவழைத்த ஆளின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கணக்கு வேண்டும்; ஓடிப்போனால் அடையாளம் காட்டிப் பிடிக்க வேண்டும். அந்தக் கணக்குப் புத்தகமே இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பொக்கிஷம். டர்பனில் ஆய்வாளர்கள் அந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கப்பல் பட்டியல்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. மொரீஷியஸுக்குப் போனவர்களின் ஆவணங்கள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

தேடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி அங்கே மூன்சாமி, குப்புசாமி கூப்பூசாமி, முதலியார் மூட்லி. அந்தப் பிழைகளே இன்று அவர்களின் குடும்பப் பெயர்களாகிவிட்டன. நாம் எழுதும் எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார்.

இப்போது கரையில் நின்று பாருங்கள். 1860-இல் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கடலுக்குள் நீளும் இரும்புப் பாலமே 1861 கடைசியில்தான் திறந்தார்கள். துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது 1870-களில். ட்ரூரோ நடுக்கடலில்தான் நங்கூரம் போட்டு நின்றிருக்கும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் அத்தனை பேரையும் ஏற்றி, அலையைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நம் ஊர்ப் படகுக்காரர்கள். ஏறியவர்களின் வம்சம் டர்பனில் ஒரு கணினியைத் தட்டினால் கொள்ளுத்தாத்தாவின் கிராமம் வருகிறது. ஏற்றிவிட்டவர்களுக்கு அந்தக் கப்பல் பட்டியலில் இடமில்லை.

அவர்களை எங்கே தேடுவது? ராயபுரத்தில் என்றால் கோயிலில். பழைய படகுத் தொழில் குடும்பங்களில் பலரும் கத்தோலிக்கர்கள். ராயபுரம் புனித ராயப்பர் ஆலயம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகுத் தொழில் செய்த குருகுலத்தார் எழுப்பியது. கத்தோலிக்கத் திருச்சபை 1563-இல் திரெந்து பொதுச்சங்கத்தில் எடுத்த முடிவின்படி, ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயர், தேதி, பெற்றோர், ஞானப்பெற்றோர் இருப்பார்கள். ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பெரும்பாலும் அத்தையோ மாமனோ சித்தப்பாவோதான். ஆகவே ஒரு வரியில் இரண்டு மூன்று குடும்பங்களின் உறவு தெரிந்துவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அந்தத் தகவலை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, பழைய பதிவின் ஓரத்தில் குறித்து வைக்கும் விதி இருக்கிறது. ராயபுரத்தில் பிறந்த பெண் தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டால் அந்த விவரம் ராயபுரத்துப் புத்தகத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். பங்கு அலுவலகத்தில் சான்றிதழ் கேட்கும்போது, “ஓரக்குறிப்பையும் ஞானப்பெற்றோர் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்க ஃபாதர்” என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் பெயரும் தேதியும் மட்டும் போட்டுக் கொடுத்துவிடக்கூடும். இன்னொன்று: வீட்டில் ராயப்பன், பள்ளிக்கூடத்தில் பீட்டர், லத்தீனில் எழுதிய பதிவில் பெத்ருஸ் – மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம்.

வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தத் தேடல் எப்போதோ சுலபமாகிவிட்டது. சென்னை மாகாணத்துத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் 1698 தொடங்கி 1948 வரை லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1998-இல் தொடங்கிய ‘ஃபிபிஸ்’ என்ற சங்கம் பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்காகவே நடக்கிறது. அதன் தொண்டர்கள் பதிவேடு, பழைய பத்திரிகை, கல்லறைக் கல் என்று பார்த்துப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தேட வைத்திருக்கிறார்கள். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தை ஒட்டி வாழ்ந்து, பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போன ரயில்வே குடும்பங்களின் பிள்ளைகள் அங்கிருந்தே தாத்தாவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மதமாற்றமோ கப்பல் பயணமோ இல்லாத குடும்பம் என்றால்? 1948-க்குப் பிறகு நமக்கும் காகிதம் பெருகுகிறது. அந்த ஆண்டில் வந்த துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்புச் சட்டம், தினம் தினம் வாசலில் நின்று வேலை கேட்ட மூட்டைத் தொழிலாளிக்குப் பதிவு எண் கிடைக்க வழி செய்தது. அதே ஆண்டில்தான் இ.எஸ்.ஐ. சட்டமும் வந்தது, எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியதும் அப்போதுதான். திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டி ஆலை, 1955-இல் வந்த என்ஃபீல்டு என்று வரிசையாகப் புகைபோக்கிகள் எழுந்த பட்டை இது. 1952-இல் பி.எஃப். சட்டம் வந்ததும், தொழிலாளி தனக்குப் பின் பணம் யாருக்கு என்று நாமினி படிவம் எழுத வேண்டியதாயிற்று. மனைவி, பிள்ளைகள், பெற்றோர், வயது, உறவுமுறை, நிரந்தர முகவரி என்று ஒரு குடும்பமே அதில் வந்துவிடும். பல பாட்டிகளின் முழுப்பெயர் முதன்முதலில் எழுத்தில் ஏறியது கணவரின் பி.எஃப். காகிதத்தில்தான். ஆலை மூடினாலும் அதன் நகல் பீரோவில் கிடக்கலாம், எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எண்ணூர், பழவேற்காடு பக்கத்துக் குப்பங்களில் ஊர்க் கணக்கு நோட்டைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவர் பெயரில் ஊருக்கு வரி. பழவேற்காடு ஏரியில் எந்தப் ‘பாடு’, அதாவது வலை போடும் இடம், யாருக்கு என்ற உரிமையும் தலைக்கட்டுப் பட்டியலை வைத்துத்தான். ஒருவர் பெயர் எந்த ஆண்டில் அந்த நோட்டில் ஏறியது என்று தெரிந்தால் அவருக்குக் கல்யாணமான காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

1964 முதல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறிய குடும்பங்களுக்கு, ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு கொடுத்த சான்றுதான் தொடக்கப்புள்ளி. வேலைக்கும் கடனுக்கும் காட்டியதோடு அதன் உபயோகம் தீர்ந்துவிடவில்லை.

அரசு ஆவணம் பற்றியும் இரண்டு வார்த்தை. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் போய், “எங்க தாத்தா ஃபைல் இருக்கா?” என்று கேட்டுப் பயனில்லை. அங்கே எல்லாம் துறைவாரி, ஆண்டுவாரி. எந்தத் துறை, எந்த வருடம் என்று தெரிந்துகொண்டுதான் படி ஏற வேண்டும். மாநகராட்சிப் பிறப்புப் பதிவுகளில் பழையவற்றில் குழந்தைக்குப் பெயரே இருக்காது. ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். அப்பா பெயரையும் தெருவையும் வைத்துத் தேடுங்கள். மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் முனுசாமி மகன் கோவிந்தன், கோவிந்தன் மகன் முனுசாமி என்று போய்க்கொண்டே இருக்கும். வருடத்தைக் குறிக்காமல் விட்டால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

இத்தனை காகிதத்துக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு: பெண்கள். 1689 ஆகஸ்ட் 19 அன்று கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் மூன்று சிறுமிகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், கேத்தரின். மறு ஆண்டு கல்கத்தாவில் கம்பெனியின் கொடியை நாட்டிய ஜாப் சார்னாக்கின் மகள்கள். பதிவில் அப்பா பெயர் இருக்கிறது. ஞானத்தகப்பன், ஞானத்தாய்மார் பெயர்கள் இருக்கின்றன. பெற்றவள் பெயர் இல்லை. அவள் ஓர் இந்தியப் பெண். அதிகாரம் உள்ளவனின் மனைவிக்கே அந்த கதி என்றால் கருவாட்டுக் கூடை சுமந்தவளுக்கு என்ன நடந்திருக்கும்?

அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைப்பது நம் வீட்டு மொய் நோட்டு. தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அதில் இருக்கும். அம்மா வழிச் சொந்தம் ஊர்ப் பெயரோடு எழுத்தில் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அதற்கடுத்த சாட்சிகள்.

சாதிப் பெருமை பேச இந்தத் தேடல் வேண்டாம். தோண்டினால் தத்தும் வரும், இரண்டாம் தாரமும் வரும், வேறு சாதியில் செய்த கல்யாணமும் வரும். வருவதை ஏற்றுக்கொள்ளும் மனம் இல்லாதவர் நோட்டை மூடி வைத்துவிடலாம்.

தமிழக அரசு ‘வேர்களைத் தேடி’ என்ற திட்டத்தில் அயலகத் தமிழ்ப் பிள்ளைகளை இங்கே அழைத்து வருகிறது. நல்ல காரியம். கரையிலேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கும் வேர் உண்டு. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு, தமிழில் ஒரு வகுப்பு நடத்த மேசையும் நாலு நாற்காலியும் போதும். பங்குப் பேரவைகளும் தொழிற்சங்கங்களும் ஊர்ப் பஞ்சாயத்துகளும் தங்கள் பழைய நோட்டுகளிலுள்ள பெயர்களுக்கு அகரவரிசை போட்டால், லண்டன் சங்கம் செய்ததை நாமும் செய்துவிடலாம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டில் பாட்டி இருந்தால், அவருடைய அம்மா பெயர், அந்த அம்மாவின் அம்மா பெயர், அவர்கள் பிறந்த ஊர் மூன்றையும் கேட்டு, யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று சேர்த்து எழுதி வையுங்கள். எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத தகவல் அது. இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள்.

(தொடரும்)