கணிப்பொறிகளுக்கு ஒரு பொதுப் பொருட்பாகுபாடு

1998ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள், செவ்வாய்க் கோளின் தட்பவெப்ப நிலையை ஆராயும் பொருட்டு அமெரிக்க நாட்டினர் விண்கலம் ஒன்றை ஏவினர். ஒன்பது திங்களுக்கு மேல் பயணம் செய்த அக்கலம் 1999 செப்டம்பர் 23ஆம் நாள் செவ்வாயை அணுகியது. அதன் பின்னர் அதனிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை. கோளின் தரைக்கு மேல் ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம், 57 கிலோமீட்டர் அளவிற்குத் தாழ்ந்து, காற்றுமண்டலத்துட் புகுந்து மறைந்தது எனப் பின்னர்க் கணக்கிட்டு அறிந்தனர். கலத்தின் சிறு உந்துபொறிகள் தந்த உந்துதலை, மண்ணுலகில் இருந்த மென்பொருள் ஒன்று பவுண்டு அளவையில் குறித்து அனுப்பியது. அதனைப் பெற்று வழியைக் கணித்த மற்றொரு மென்பொருள் அவ்வெண்ணை நியூட்டன் அளவையில் உள்ளதாகக் கொண்டது. முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ 4.45 மடங்கு. எண் சிதையாமல் வந்து சேர்ந்தது. அஃது எந்த அளவையில் குறித்த எண் என்பது மட்டும் வந்து சேரவில்லை.

அளவைகளை ஒன்றாக்குதல் அரிதன்று. ஓர் ஆணையால் அது முடியும். சொற்கள் குறிக்கும் பொருளை ஒன்றாக்குதலோ அத்துணை எளிதன்று. ஒரு மருத்துவமனையின் கணிப்பொறி ‘காய்ச்சல்’ என்பதை நோயின் பெயராகப் பதிந்துவைக்கிறது எனக் கொள்வோம். மற்றொன்று அதனை நோயின் அறிகுறியாகவும், இன்னொன்று நோயாளி மருத்துவமனைக்கு வந்த நிகழ்ச்சியின் காரணமாகவும் பதிகின்றன. மருத்துவர் மூவர் கூடினால் சிறிது பேசித் தெளிவர். கணிப்பொறிக்கு அவ்வாறு பேசித் தெளியும் வழி இல்லை. மூன்று பதிவுகளையும் ஒன்றாகக் கூட்டி, நோயுற்றோர் இத்தனை பேர் என்று தயங்காமல் விடை கூறிவிடும். அவ்விடையை நம்பி மருந்து அனுப்புவோர் ஏமாறுவர்.

இவ்வாறு இரண்டிரண்டு கணிப்பொறிகளாக எடுத்து, ஒன்றன் சொல்லுக்கு மற்றொன்றன் சொல் இதுவென வரையறுத்துவிடலாமே எனத் தோன்றும். பத்து அமைப்புகள் இருப்பின் 45 இணைப்புகள் போதும். நூறு இருப்பின் 4,950 வேண்டும்! நடுவே பொதுவான பாகுபாடு ஒன்று இருக்குமாயின், நூற்றுக்கு நூறு இணைப்புகளே அமையும். எவ்வெப் பொருள்கள் உள்ளன, அவை எவ்வகையின, ஒன்றற்கொன்று எவ்வகையில் உறவுடையன என்பவற்றைக் கணிப்பொறியும் கையாளத்தக்க வகையில் வரையறுத்து எழுதிய இத்தகைய பாகுபாட்டினை ‘ஆன்டாலஜி’ என்பர்.

உயிரியலார் இதன் பயனை விரைவில் உணர்ந்தனர். பழ ஈ, சுண்டெலி, ஈஸ்ட் என்னும் மூன்றன் மரபணுக்களை ஆராய்ந்தோர் தனித்தனியே பெருங் குறிப்பேடுகளைத் தொகுத்து வந்தனர். உயிரணுவில் புரதம் உண்டாகும் செயலை ஒரு சாரார் ஒரு பெயராலும் மற்றொரு சாரார் வேறொரு பெயராலும் வழங்கினால், ஒன்றில் தேடுவோர் மற்றொன்றில் உள்ளதைக் காணார். ஆதலின் அவர்கள் 1998ஆம் ஆண்டில் ஒன்றுகூடி, ‘ஜீன் ஆன்டாலஜி’ என்னும் பொதுப் பாகுபாட்டைத் தொடங்கினர். மரபணுவின் விளைபொருள் செய்யும் வேலை, அவ்வேலை பங்குபெறும் உயிர்நிகழ்வு, அது நடைபெறும் உயிரணுப் பகுதி என மூன்று கிளைகளாக அதனை வகுத்தனர். அது இன்றும் வளர்ந்து வருகின்றது.

எனினும், நோய்க்கு ஒன்று, உடலுறுப்புகளுக்கு ஒன்று, வேதிப்பொருள்களுக்கு ஒன்று எனப் பாகுபாடுகள் பெருகியபோது பழைய தொல்லை ஒரு படி மேலே தலைகாட்டிற்று. அவற்றை எல்லாம் இணைப்பது எது? இவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே மேனிலைப் பொருட்பாகுபாடு. மருத்துவம், பொறியியல், வாணிகம் முதலிய எத்துறைக்கும் பொதுவாகிய மிக உயர்ந்த வகைகளை மட்டுமே அது கூறும். இம்முயற்சி புதிதன்று, கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே பொருள்களைப் பற்றிக் கூறத்தக்கனவற்றைப் பத்து வகையாக வகுத்தார். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் எனப் பெயர்ச்சொற்களை ஆறாகப் பயின்ற தமிழ் மாணவர்க்கும் இத்தகைய பாகுபாடு புதிதாகத் தோன்றாது.

இன்று பெரிதும் வழங்கும் ஒன்றைச் சான்றாகக் காண்போம். பாரி ஸ்மித் என்னும் மெய்ப்பொருளியல் அறிஞரும் அவருடன் பணிபுரிந்தோரும் வகுத்த ‘பேசிக் ஃபார்மல் ஆன்டாலஜி’ என்பது அது. உள்ளன எல்லாவற்றையும் அது முதலில் இரண்டாகப் பிரிக்கும். இதயம் நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எந்தக் கணத்தில் நோக்கினும் முழுமையாகவே இருக்கும். இதயத்துடிப்போ அவ்வாறன்று, அதற்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு, ஒரு கணத்தில் அதன் ஒரு கூறே நிகழும். முன்னது நிலைத்திருப்பது, பின்னது நிகழ்வது. நிலைத்திருப்பனவற்றுள்ளும், இதயம் தானே நிற்கும். அதன் எடையும் நிறமும் இதயத்தைப் பற்றியே நிற்கும். ஒரு பாடலோ பல ஏடுகளிலும் பல கணிப்பொறிகளிலும் படியெடுக்கப்பட்டு நிற்கும். ஓர் ஏடு அழியினும் பாடல் அழியாது.

இப்பாகுபாட்டில் உள்ள வகைகள் நாற்பதிற்கும் குறைவே. மருத்துவர், மழை, கப்பல் போன்ற சொற்கள் அதில் இடம்பெறா. ஒரு துறைக்கே உரிய சொல்லை அந்தந்தத் துறையின் பாகுபாட்டிற்கே விட்டுவிடுவர். இச்சிறுமையே அதன் வலிமை எனலாம். ஒரே பொருள் நிலைத்திருப்பதாகவும் நிகழ்வதாகவும் இருத்தல் இயலாது என்னும் விதி அதில் எழுதப்பட்டுள்ளது. ஆதலின், ‘அறுவை மருத்துவம்’ என்னும் நிகழ்வை ஒருவர் மறதியாகக் கத்தி, ஊசி முதலிய கருவிகளோடு சேர்த்துவிட்டால், கணிப்பொறியே முரண்பாட்டைக் கண்டு அறிவிக்கும். நோய் என்பது உடலில் குடிகொண்ட ஒரு தன்மை. நோயின் போக்கு என்பது ஒரு நிகழ்வு. இவ்விரண்டையும் பிரித்து எழுதியமையால் மேற்கூறிய காய்ச்சல் குழப்பத்திற்கும் வழி பிறந்தது.

ஆயினும் உலகிற்கெல்லாம் ஒரே பாகுபாடு என்னும் எண்ணம் நிறைவேறவில்லை. பொதுத் தரம் ஒன்றை அமைக்க முயன்ற பொறியியலார் குழு ஒன்றில் ‘சூமோ’ என்னும் பாகுபாடு 2001ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. எனினும் எல்லாரும் ஏற்ற ஒரே தரமாக எதுவும் அங்கு முடிவு பெறவில்லை. அறிஞர்கள் பிடிவாதக்காரர்கள் என்பது காரணமன்று. களிமண்ணால் ஒரு சிலை செய்கிறோம். அங்கிருப்பது ஒரு பொருளா, இரண்டு பொருள்களா? சிலையை நசுக்கினால் சிலை அழியும்; களிமண் அழியாது. ஆதலின் இரண்டும் ஓரிடத்தில் உள்ள வெவ்வேறு பொருள்களே என்கிறது இத்தாலியில் உருவான ‘டோல்ச்சே’ என்னும் பாகுபாடு. களிமண்ணே சில காலம் சிலை வடிவில் இருந்தது என்று கொள்வோரும் உளர். இரண்டும் அறிவுக்கு ஒத்தனவே.

அனைத்துலகத் தர அமைப்பு 2021ஆம் ஆண்டில் இதற்கு ஒரு நடுவழி கண்டது. மேனிலைப் பாகுபாடு எனப்படுவதற்கு இன்னின்ன இலக்கணம் வேண்டும் என்று ஒரு பகுதியில் வரையறுத்து, அடுத்த பகுதியாகப் பாரி ஸ்மித் முதலியோரின் பாகுபாட்டை வெளியிட்டது. 2023ஆம் ஆண்டில் ‘டோல்ச்சே’யும் அவ்வரிசையில் இடம்பெற்றது. எனவே, வெவ்வேறு பாகுபாடுகளைத் தழுவிய இரு மென்பொருள்கள் செய்தி மாற்றிக்கொள்ள வேண்டின், இடையில் ஒருவர் அமர்ந்து வகைக்கு வகை ஒப்புநோக்கி இணைப்பு எழுதுதல் வேண்டும். களிமண்ணுக்கும் சிலைக்கும் ஓர் எண் தருவதா, ஈரெண் தருவதா என்பதனை அவரே முடிவு செய்வார்.