காலையில் படகு, மாலையில் பட்டு!

"காஞ்சீபுரம் போய்ப் பட்டுப் புடவை வாங்கவேண்டும்" என்று வீட்டு அம்மாள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "எங்கேயாவது தண்ணீர் இருக்கிற இடமாகப் போய்ப் படகு விடலாம் அப்பா!" என்று குழந்தைகள் பிடிவாதம் பிடிக்கின்றன. கையிலோ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த இரண்டு மனுக்களையும் ஒரே நாளில் பைசல் செய்ய முடியுமா என்று யோசிக்கிறீர்களா? முடியும். வெயில் ஏறுவதற்கு முன் புறப்படச் சம்மதமானால், மேலே படியுங்கள்.

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. காஞ்சியில் ஆறு இல்லையா என்றால், இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக! ஊரைத் தொட்டுக்கொண்டு வேகவதி, தெற்கே சற்றுத் தள்ளிப் பாலாறு. ஆனால் இரண்டிலும் வருஷத்தில் பெரும்பாலான நாள் படகு விடுவதற்கு முன்னால் தண்ணீரை விடவேண்டும். காஞ்சியில் படகுப் பிரயாணம் செய்யும் பாக்கியம் தெய்வங்களுக்குத்தான் உண்டு. வரதராஜப் பெருமாள் கோவில் அனந்தசரஸ் திருக்குளத்தில் தெப்போற்சவம் நடக்கும்போது, பெருமாள் விளக்கு அலங்காரத்தோடு ஜம்மென்று தண்ணீரில் சுற்றி வருவார். நாம் படிக்கட்டில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். அந்தக் குளத்தின் அடியில்தான் அத்திவரதர் இருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வருகிறவர், 1979-க்குப் பிறகு 2019-ல் வந்து 48 நாள் தரிசனம் தந்துவிட்டுத் திரும்பவும் தண்ணீருக்குள் போய்விட்டார்.

ஆகவே மானிடர்களாகிய நாம் படகுக்குக் கடற்கரைப் பக்கம் போகவேண்டும். சென்னையிலிருந்து சுமார் 36 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு. இது 2019 வரையில் காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்ததாகத்தான் இருந்தது. செங்கற்பட்டு தனி ஜில்லாவானபோது அந்தப் பக்கம் போய்விட்டது.

முட்டுக்காட்டில் இருப்பது சரியாகச் சொன்னால் ஆறும் அல்ல, கடலும் அல்ல. கடல் நீர் உள்ளே புகுந்து தேங்கி நிற்கும் கழி. கடலுக்கும் கழிக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலில் போய் விழும்; பிறகு அலைகள் மெள்ள மெள்ள மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கப் பார்க்கும். இந்தச் சண்டை வருஷா வருஷம் நடக்கிறது. அரசாங்கத்தின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-ல் இங்கே படகுத் துறை அமைத்தது. மிதி படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு, சீறிப் பாயும் வேகப் படகு எல்லாம் உண்டு.

என்னைக் கேட்டால் துடுப்புப் படகுதான். வேகப் படகில் ஏறினால், கண்ணைத் திறப்பதற்குள் பிரயாணம் முடிந்துபோகும். கையிலிருக்கும் பணமும் முடிந்துபோகும். துடுப்புப் படகிலோ ஒரு வாழைப்பழத்தை நிதானமாக உரித்துச் சாப்பிடலாம். நீர்க்காகம் கம்பத்தின் மேல் இறக்கையை விரித்து ஈரம் உலர்த்துவதைப் பார்க்கலாம். மீன்கொத்தி குறி வைப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். துறை திறந்தவுடனே போய்விடுங்கள். பகல் ஏற ஏறக் கடற்காற்று பலமாகும், கூட்டமும் சேரும். மிதவைச் சட்டையை, "ஆழம் அதிகமில்லையே, எதற்கு?" என்று சொல்லாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

படகில் போகும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம். இந்தக் கழியைக் கடந்து போகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அது ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்துக்குச் சோறு போட்ட பாதை. 1806-ல் எண்ணூர்ப் பக்கம் தொடங்கிய கால்வாய் அது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. வெட்டியவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? உப்பு, விறகு, கிளிஞ்சல் என்று பாய் விரித்த படகுகள் பாரம் ஏற்றி வந்தன. மயிலாப்பூரிலிருந்து மாமல்லபுரத்துக்கு உல்லாசமாகப் படகிலேயே போய்வந்த குடும்பங்கள் உண்டு. பாரதிதாசன் அப்படிப் போய்வந்து ஒரு பாட்டே எழுதியிருக்கிறார். இன்று பட்டணத்துக்குள் அந்தக் கால்வாயின் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. கீழே ஓடுவதைப் பற்றி இந்த உல்லாசக் கட்டுரையில் பேசவேண்டாம்.

படகைவிட்டு இறங்கியதும் நேரே காஞ்சிக்கு ஓடாதீர்கள். அதே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் காஞ்சீபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் ஒன்று. அம்மாளை அங்கே ஒரு தடவை அழைத்துப் போய்விட்டால், மாலையில் கடையில் ஆகிற வாதம் பாதியாகக் குறையும் என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்கு உள்ளே தறி இருக்கிறதா, தறிக்கு உள்ளே வீடு இருக்கிறதா என்று சொல்ல முடியாத வீடு அது.

கோவளம், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கற்பட்டு போய், வாலாஜாபாத் மார்க்கமாகக் காஞ்சிக்குத் திரும்புங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பிரயாணம். செங்கற்பட்டைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் பாலாறு உங்களுடன் கூடவே வரும். நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் மூன்றையும் கடந்து 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலில் கலக்கிற ஆறு. ஓடி என்று எழுதிவிட்டேன். பல வருஷங்களில் மணல்தான் தெரியும். ஆனால் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதைப் பார்த்தவர்கள், "கிழவி என்று நினைத்தோமே, இன்னும் பலம் இருக்கிறது!" என்று வியந்தார்கள். பாலாற்றுத் தண்ணீரில் அலசினால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும் என்று காஞ்சியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள்.

வயிற்றைக் கவனித்துவிட்டுத் துணிக்கு வருவோம். காஞ்சீபுரம் இட்லி கோவிலில் பிறந்த பண்டம். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து வேகவைப்பது. நம் வீட்டு இட்லி பூப்போல் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்போமே, இதில் அதை எதிர்பார்க்கக் கூடாது. இது கொஞ்சம் கெட்டி. ஆனால் சட்னியே கேட்காது.

இனிக் காந்தி ரோடு. வண்டியை விட்டு இறங்குமுன்பே, "நல்ல கடை காட்டுகிறேன் சார், நெசவாளர் விலை!" என்று யாராவது உங்கள்மேல் பிரியம் கொள்வார்கள். அந்தப் பிரியத்துக்கு ஆகும் கமிஷன் உங்கள் புடவை விலையில்தான் ஏறும். புன்னகை செய்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்கள் பல இருக்கின்றன. முதலில் அவற்றில் நுழைந்து விலை நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம்.

கடைக்காரர், "அக்கா, இதைப் பாருங்க! அக்கா, இதுதான் இப்போ எல்லாரும் கேக்கிறாங்க!" என்று மலைபோல் விரித்துப் போடுவார். மயில்கண், ருத்ராட்சம், கோபுரக் கரை, யாளி, அன்னபட்சி, வாழைப்பூ, எம்.எஸ். நீலம் என்று கண்கள் சுழலும். இந்தச் சமயத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

அசல் காஞ்சிப் புடவையின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் இரண்டு, ஆக மூன்று நாடாக்கள். ஒவ்வொரு ஊடு ஓடும்போதும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு திரும்பும். இதை ஒருவர் தனியாகச் செய்வது கஷ்டம். பக்கத்தில் ஓர் உதவியாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளவேண்டும். இதன் பலன் என்ன? அரக்கு உடலும் பச்சைக் கரையும் என்றால், அரக்கு அரக்காகவும் பச்சை பச்சையாகவும் இருக்கும். ஒன்றின் சாயல் இன்னொன்றில் இராது. ஒரே நாடாவில் நெய்த புடவையில் உடலின் ஊடு இழை கரைக்குள்ளும் புகுந்து ஓடுவதால், கரையின் நிறம் சற்றுக் கலந்து தெரியும். புடவையைத் திருப்பிப் போட்டுக் கரை சேரும் இடத்தைப் பாருங்கள், விஷயம் வெளியாகிவிடும். அதேபோல், தலைப்பு வேறு நிறமாக இருந்தால், உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் தலைப்புப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்குவார்கள். இதற்குப் பெட்னி என்று பெயர். சேர்ந்த இடத்தில் விரலை ஓட்டினால் லேசாகத் தடிப்புத் தட்டும். அது குறையல்ல, கைவேலையின் அடையாளம்.

ஜரிகைக்கு வருவோம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் சிவப்புச் சாயமேற்றிய பட்டு. கடைக்காரர் அனுமதியுடன், ஓரத்தில் தொங்கும் ஜரிகை இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியவேண்டும். செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் போட்டதும், முழுக்கப் போலியானதும் சந்தையில் உண்டு. அவற்றை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவற்றை அசல் விலைக்கு வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். வெள்ளி விலையும் தங்க விலையும் ஏற ஏற இந்த ஆசை விற்பவர்களுக்கு அதிகமாகிறது. ஜரிகையைச் சோதித்துச் சொல்லும் இயந்திரமே காஞ்சியில் இருக்கிறது.

முத்திரைகளைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2004-ல் வந்த ‘சில்க் மார்க்’ முத்திரை, துணி சுத்தப் பட்டு என்று மட்டுமே சொல்லும். கையால் நெய்ததா, விசைத்தறியில் நெய்ததா என்று அது சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரை தனி. காஞ்சிப் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு 2005-ல் கிடைத்தது. சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டமும் போட்டார்கள். சட்டம் இருக்கிறது; விசைத்தறியும் ஓடுகிறது.

நேரமிருந்தால் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலாற நடந்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். முன்போல் வீட்டுக்கு வீடு கேட்காது. நெசவாளரைக் கேட்டால் காரணத்தை ஒளிக்காமல் சொல்வார். கோர்வைப் புடவை முடியப் பத்து நாள், பதினைந்து நாள், வேலைப்பாட்டைப் பொறுத்து அதற்கு மேலும் ஆகும். கூலி புடவைக்குத்தான், நாளுக்கு அல்ல. மழைக்காலத்தில் தறிக் குழியில் ஈரம் ஏறினால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். உதவியாள் இடத்தில் ஒரு காலத்தில் வீட்டுப் பையனோ பக்கத்து வீட்டுப் பையனோ உட்கார்ந்திருந்தான். சட்டமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து அவனை எழுப்பி அனுப்பின. எவ்வளவு நல்ல காரியம்! ஆனால் காலியான அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்கும் கூலி வேண்டுமே? அதற்குப் புடவை வாங்குகிறவர் இன்னும் கொஞ்சம் கொடுக்கத் தயாராக வேண்டும். அவர் தயாராக இல்லாதபோது கோர்வையே குறைந்துபோகிறது. படித்து எழுந்த பையன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து மோட்டார்த் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறான். மாதம் பிறந்தால் சம்பளம். அவனைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? இதே ஊரில் 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1953-ல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணிகளைத் தெருவில் கூவி விற்றார். அன்றைய கவலை துணி விற்கவில்லையே என்பது. இன்றைய கவலை, நெய்ய யார் உட்காருவார்கள் என்பது.

ஆகையால் கடையில் பேரம் பேசும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இது கோர்வையா? கைத்தறியா?" பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். "கைத்தறிதானே அக்கா, சந்தேகமே வேண்டாம்!" என்று வாயால் சொல்வது சுலபம், எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கும். தயங்கினால் அடுத்த கடைக்குப் போகலாம். காந்தி ரோட்டில் கடைக்கா பஞ்சம்?

புடவை வீட்டுக்கு வந்ததும் அந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய வெள்ளை வேஷ்டித் துணியில் சுற்றி வைப்பதுதான் உத்தமம். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. சில மாதங்களுக்கு ஒரு முறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள்; இல்லாவிட்டால் மடிப்பிலேயே இழை இற்றுப்போகும். குழந்தைகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் படகு என்று கேட்டால், அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல.