ஊர்முயற்சியும் கணக்குக் கேட்கும் உரிமையும்

என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்னுஞ் சிறுகதை, யாழ்ப்பாணத்துச் சீர்திருத்த முயற்சிகளை ஆராய்வோர் தவறாது நோக்கவேண்டியதொன்றாகும். மதுவிலக்குப் பணியில் ஈடுபட்ட பெரியவரொருவர், தம்மைத் தேடிவந்த தாழ்த்தப்பட்ட மக்களை வீட்டினுள் அழைக்க மனமின்றி, வெளியே நிலவிலே பேசலாமென்கிறார். கதை அங்கதத்தோடு நின்றுவிடினும், ஆய்வாளனுக்குரிய வினா இங்கேதான் தொடங்குகின்றது. கள்ளிறக்கிச் சீவிப்போரின் வாழ்வை மாற்றுந் திட்டம் அவர்கள் நுழையாத வீட்டிலே வகுக்கப்படுமாயின், அதனைக் கூட்டுமுயற்சி என்பது எங்ஙனம்?

சமூக மாற்ற முயற்சிகளைப் பற்றி எழுதுவோர் திட்டமிடல், நிதி, மதிப்பீடு ஆகியவற்றை நிருவாக நுட்பங்களாகவே கருதுவர். உண்மையில் அவை மூன்றும் அதிகார உறவுகளாம். யார் தீர்மானிப்பது, யாருக்குக் கணக்கு ஒப்புவிப்பது என்பனவே அடிப்படை வினாக்கள்.

சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யுஞ் சட்டம் 1957இலேயே நிறைவேறிவிட்டது. எனினும் தேநீர்க் கடைகளிலே தனிப்பேணி மறையவில்லை. கோயிற் கதவுகளும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், மறுவருடம் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், 1968இன் மாவிட்டபுரக் கோயில் நுழைவுப் போராட்டமும் நிலைமையை அசைத்தன. இவ்வியக்கத்தின் மதிப்பீட்டுக்கு நிபுணர் எவரும் வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே பேணியிலே தேநீர் கொடுக்கிறாரா என்பதை அதனைக் குடிப்பவனே அறிவான்.

இதற்கு மறுதலையான அனுபவமொன்றைத் தென்னிலங்கையிலே தோன்றிய சர்வோதய இயக்கத்திற் காணலாம். 1958இல் ஏ. ரி. ஆரியரத்தினவும் நாலந்தாக் கல்லூரி மாணவரும், ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனதொலுவக் கிராமத்திலே சிரமதானத்துடன் அதனைத் தொடங்கினர். உழைப்பே முதலாக இருந்த காலம் அது. 1980களின் நடுப்பகுதியில் நெதர்லாந்தின் நொவிப் முதலான நன்கொடை நிறுவனங்கள் ஒன்றிணைந்து நிதி வழங்கத் தொடங்கியபின் இலக்கும் அளவீடும் அறிக்கையும் முதன்மை பெற்றன. 1990களிலே அந்நிதி சுருங்கியபோது ஊழியர் பலர் விலகநேர்ந்தது. நன்கொடையாளர் கணக்குக் கேட்டது தவறென்று கூறுவதற்கில்லை. அறிக்கை மேல்நோக்கியே சென்றது என்பதுதான் குறை. எத்தனை கிணறு வெட்டப்பட்டது என்று எழுதலாம். அக்கிணற்றிலே யார் துலாக்கயிற்றைத் தொடலாம் என்பதற்கு அத்தாளிலே இடமிருப்பதில்லை.

வெகுஜன இயக்கத்தையும் குறையற்றதாகக் கொள்ளுதல் பொருந்தாது. கோயிலையும் கடையையும் திறந்த போராட்டம் காணியுடைமையை அசைக்கவில்லை. அதன் விளைவைப் பிற்காலம் காட்டிற்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருள், நலன்புரி நிலையங்களிலே மிக நெடுங்காலம் தங்கியவர்களிற் பெரும்பாலோர் காணியற்ற தாழ்த்தப்பட்ட சாதியினரே. 2009இன் பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்திலே வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. பயனாளியே தன் வீட்டைக் கட்டுவான் என்னும் அக்கொள்கை வரவேற்கத்தக்கதே. ஆயினும், வீடு கட்டக் காணி வேண்டும். காணிக்கு உரித்துக் காட்டவேண்டும். அதனாற் சொந்த நிலம் ஒருபொழுதும் இல்லாதவனுக்கு அத்திட்டத்தை எட்டுவது அரிதாயிற்று. கட்டிமுடித்த வீடுகளை மட்டும் எண்ணும் மதிப்பீடு, விண்ணப்பிக்கவே இயலாதவனைக் காணாது.

தொடக்கத்திற் கூறிய கதையின் மாந்தரிடம் மீள்வோம். 1972இல் கள்ளுத் தவறணைக் குத்தகை முறை நீக்கப்பட்டு, வடபகுதியிலே மரமேறுந் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. குத்தகைக்காரனின் இடத்திலே சங்கம் நின்றது. அதன்மீது அரச திணைக்களத்தின் பிடி வலுவாகவே இருந்தது, அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும், பொதுக்கூட்டத்திலே ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும்பொழுது எழுந்து வினவும் உரிமை, அன்று காலை பனையிலேறி இறங்கிய அங்கத்தவனுக்குச் சட்டப்படி உரியதாயிற்று.