வீட்டு முயலும் நாமும்



தன் பேச்சே சரியென்று சாதிப்பவரைப் பார்த்து, "தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று நம் பாட்டிமார் கேலி செய்வார்கள். நடவாத காரியத்தை "முயற்கொம்பு" என்பார்கள். நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது, அதோ முயல் என்று சொல்லி ஒரு கவளம் கூடுதலாக ஊட்டிவிடுவார்கள். இவ்வாறு நம் பேச்சில் ஓயாமல் துள்ளித் திரியும் இச்சிறு பிராணியைப் பற்றி நாம் உண்மையில் அறிந்திருப்பது எவ்வளவு? மிகச் சிறிதே என்பதை, சகோதரிகளான நாங்கள் மூவரும் ஒரு துயரத்தின் வழியாகவே கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்பா எங்களுக்கு ஒரு வெள்ளை முயலை வாங்கி வந்தார். வராந்தாவில் கம்பிக் கூண்டு வைத்தோம். காரட், ரொட்டி, பிஸ்கட் எனக் கேட்டதையெல்லாம் கொடுத்தோம், கேட்காததையும் கொடுத்தோம். மே மாதம் வந்தது. திருச்சியின் வெயிலைச் சொல்லவும் வேண்டுமா? ஒரு நாள் மாலை அது தீனியைத் தொடவில்லை. மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தது. "வெயில் சோர்வு, காலையில் சரியாகிவிடும்" என்று படுக்கப் போனோம். காலையில் அது இல்லை. அது ஒரு முறைகூடக் கத்தவில்லையே, நமக்கு எப்படித் தெரியும் என்று தங்கை அழுதாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முயல் ஏன் கத்துவதில்லை?

காட்டில் நரி, கழுகு, பாம்பு எல்லாம் தேடித் திரியும் இரை முயல். வலியென்று கத்தினால், நோயென்று தள்ளாடினால், பகைவன் முதலில் அதைத்தான் குறிவைப்பான். ஆகவே நோயை மறைப்பது அதன் பிறவிக்குணம். நாய் முனகும்; பூனை கத்தும்; முயலோ பேசாமல் இருக்கும். பெரும் அச்சமோ தாங்கொணா வலியோ வந்தாலொழிய அது அலறுவதில்லை. எனவே முயல் வளர்ப்பவருக்கு முதலில் வேண்டியது தீனி வாங்கப் பணமன்று. கூர்ந்து பார்க்கும் கண்.

நாம் வீட்டில் வளர்க்கும் முயல்கள் அனைத்தும் ஐரோப்பாவின் குழிமுயல் இனத்தின் வழிவந்தவை. நம் வயல்வெளியில் ஓடும் காட்டு முயல் வேறு இனம். குழிமுயலின் குட்டி மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கும். காட்டு முயலின் குட்டியோ மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பது குற்றம். வரப்போரம் குட்டியைக் கண்டால் பரிதாபப்பட்டுத் தூக்கி வந்துவிடாதீர்கள். அதன் தாய் இரை தேடிச் சென்றிருக்கும்.

முயல் எலியின் உறவு என்று பலர் எண்ணுகின்றனர். அதுவும் சரியன்று. அதன் மேல்வாயில் முன்பற்கள் இரண்டுக்குப் பின்னால் மேலும் இரண்டு சிறு பற்கள் ஒளிந்திருக்கின்றன. எலிக்கு அவை கிடையாது. இது போன்ற வேற்றுமைகளைக் கொண்டே அறிஞர்கள் முயலைத் தனி வரிசையில் வைத்துள்ளனர்.

ஏன் வீட்டுக்குள்?

கூண்டில் அடைத்து வெளியே வைத்தால், நாய்க்கும் கீரிக்கும் வெயிலுக்கும் அஞ்சியே அதன் நாட்கள் கழியும். வீட்டுக்குள் வந்தாலோ அது நம் குடும்பத்தில் ஒருவராகிவிடும். இது புது வழக்கமன்று. குழந்தைகளுக்காகப் "பீட்டர் முயல்" கதையை எழுதிய ஆங்கிலேயப் பெண்மணி பியாட்ரிக்ஸ் பாட்டர் இளமையில் வீட்டுக்குள்ளேயே முயல்களை வளர்த்தார். அவற்றுள் ஒன்றை வாரில் கட்டி உலாவ அழைத்துச் செல்வாராம். 1893இல் நோயுற்றிருந்த ஒரு சிறுவனுக்கு அவர் படங்களுடன் எழுதிய கடிதமே 1902இல் புகழ் பெற்ற அந்நூலாக மலர்ந்தது.

முயலை வீட்டுக்குள் வளர்ப்பது நாம் அஞ்சுவதுபோல் அசுத்தமன்று. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அது தேர்ந்தெடுத்த மூலையிலேயே ஒரு அகலத் தட்டை வைத்துப் பழைய செய்தித்தாளைப் பரப்பி, மேலே காய்ந்த புல்லைப் போட வேண்டும். புல்லைத் தின்றுகொண்டே அங்கு உட்காரப் பழகிவிடும். நாள்தோறும் தட்டை மாற்றினால் நாற்றம் இராது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மின்கம்பி முயலுக்கு வேர்போலத் தோன்றும். ஒரே கடியில் துண்டாக்கிவிடும். மின்விசிறி, தொலைக்காட்சி, கைபேசிக் கம்பிகளை உயரத்தில் கட்டிவிடுங்கள். புத்தகப் பையையும் தரையில் வைக்காதீர்கள். எங்கள் அக்காவின் கணக்கு நோட்டின் ஓரங்கள் இன்று சரிகை வேலைபோல் இருக்கின்றன!

மாணவிகளாகிய நமக்கு ஒரு வசதியும் உண்டு. முயல் விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும், நடுப்பகலில் உறங்கும். நாம் பள்ளியில் இருக்கும் நேரம் அதற்கு ஓய்வு. நாம் வீடு திரும்பும் நேரம் அதற்கு விளையாட்டு.

உணவு

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. நாரும் கடினமும் உள்ள புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். ரொட்டியும் பிஸ்கட்டும் தின்றால் பற்கள் தேயாமல் நீண்டு வாயைக் கிழிக்கும். குடலும் அவ்வாறே, நார் இன்றேல் நகராது.

ஆகவே காய்ந்த புல்லே தலையாய உணவு. அது இரவும் பகலும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பசும்புல், அறுகம்புல், மருந்து தெளிக்காத முயல் மசால் (பெயரைப் பாருங்கள்!) ஆகியவையும் நல்லவை. கொத்தமல்லித் தழை, புதினா, முள்ளங்கி இலை, காரட் இலை முதலியவற்றை நன்கு கழுவி நாளுக்கு ஒரு கைப்பிடி தரலாம். குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளர்ந்த முயலுக்கு அதையே தினமும் போடக்கூடாது. படங்களில் முயல் எப்போதும் காரட் கடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். காரட்டில் சர்க்கரை அதிகம். அது மிட்டாய்க்குச் சமம். எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். சோறு, முறுக்கு, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட் இவை அறவே கூடாது.

தண்ணீரைக் கனமான மண்சட்டியில் வையுங்கள். கவிழாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். 2 கிலோ எடையுள்ள முயல் நாளொன்றுக்கு 100 முதல் 300 மில்லி வரை குடிக்கும்.

முயல் தன் கழிவையே தின்பதைக் கண்டு சிலர் முகம் சுளிப்பர். உண்மையில் முயல் இருவகைக் கழிவு இடுகிறது. ஒன்று உலர்ந்த உருண்டை. மற்றொன்று மெத்தென்ற, சத்து நிறைந்த கொத்து. இதைத்தான் அது உடனே உண்கிறது. மாடு அசைபோடுவதுபோல், முயல் புல்லின் சத்தை இரண்டாம் முறை பெறும் வழி இது. தடுத்தால் முயல் மெலிந்துவிடும்.

வெயிலே பெரும் பகை

முயலுக்கு நம்மைப்போல் வியர்த்துக் குளிரும் வழியில்லை. நீண்ட காதுகளில் ஓடும் இரத்தத்தின் வழியே உடற்சூட்டை வெளியேற்றுகிறது. 30 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறினால் அதற்கு ஆபத்து. நம் ஊரிலோ கோடையில் 40 பாகையையும் தொடுகிறது! கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் முயல்கள் வளர்க்கப்படுகின்றன. அங்குள்ள குளிரை நாம் சமவெளிக்குக் கொண்டுவர இயலாது. ஆனால் சிறிது முயலலாம்.

வீட்டில் மிகக் குளிர்ந்த அறையின் வெறுந்தரையே நல்ல இடம். சன்னலில் நனைந்த கோணியைத் தொங்கவிடலாம். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றி அருகில் வைத்தால் முயல் தானே வந்து சாய்ந்துகொள்ளும். ஈரவிரலால் காதுகளைத் தடவலாம். தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டலாகாது. அதிர்ச்சியால் உயிரே போகலாம்.

தூக்குவதும் பழகுவதும்

காதைப் பிடித்து முயலைத் தூக்குவது பெருங்கொடுமை. முயலின் எலும்புகள் மெல்லியவை, பின்னங்கால்களோ வலியவை. அந்தரத்தில் தொங்கும்போது உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். ஒரு கையை மார்பின் கீழும் மறு கையை இடுப்பின் கீழும் தாங்கி நம் உடலோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அதைவிடச் சிறந்தது, நாமே தரையில் உட்காருவது. மேலிருந்து வரும் கை முயலுக்குக் கழுகின் நிழல். தரையில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருங்கள். ஒரு வாரத்தில் அதுவே வந்து முகர்ந்து பார்க்கும். சிறு தம்பி தங்கையரைப் பெரியவர் உடன் இல்லாமல் தூக்கவிடாதீர்கள்.

அதற்கும் மொழி உண்டு

வாய் பேசாவிட்டாலும் முயல் உடலால் பேசும். பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்தால், "ஆபத்து!" என்று பொருள். நாற்காலிக் காலில் தாடையைத் தேய்த்தால், "இது என்னுடையது". காற்றில் எகிறி உடலை முறுக்கிக் குதித்தால் ஆனந்தக் கூத்து. தடவும்போது பற்களை மெல்ல நெறித்தால் மகிழ்ச்சி. தனியே ஒடுங்கி உட்கார்ந்து உரக்க நறநறவென்று கடித்தால் வலி. பக்கவாட்டில் திடீரெனச் சாய்ந்து படுத்தால் பயந்துவிடாதீர்கள். "இங்கு எனக்கு அச்சமில்லை" என்று பொருள்.

உயிர் காக்கும் கணக்கு

எங்கள் முதல் முயல் இறந்த பின், ஓராண்டு வேறொன்றை நினைக்கவும் மனமில்லை. பிறகு, வளர்க்க முடியாத ஒரு வீட்டிலிருந்து சாம்பல் நிறப் பெண் முயலொன்று எங்களிடம் வந்தது. மல்லி என்று பெயரிட்டோம். இம்முறை முதலில் கால்நடை மருத்துவரான டாக்டர் அம்மாவிடம் சென்றோம். நடந்ததைக் கேட்டு அவர் எங்களைக் கடியவில்லை. "முயலின் குடல் நின்றால் உயிரும் நிற்கும். அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், அது காலைவரை காத்திருக்கும் நோயன்று. தினமும் தட்டைப் பாருங்கள்" என்றார். மனிதருக்கான மருந்தைக் கொடுக்கவே கூடாதென்றும், பென்சிலின் வகை மாத்திரைகளை வாய்வழி கொடுத்தால் முயலைக் கொன்றுவிடும் என்றும் சொன்னார். கருத்தடைச் சிகிச்சையையும் அவரே செய்தார். பெண் முயலுக்கு வயதானால் கருப்பையில் புற்றுநோய் வருவது மிகுதி. மேலும் முயலின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாட்களே. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் வீடு பண்ணையாகிவிடும்.

அன்றுமுதல் காலையில் தட்டைப் பார்ப்பது எங்கள் மூவரின் முறைவேலை ஆயிற்று. அடுத்த கோடையில் ஒரு ஞாயிறு காலை, தங்கையின் முறை. "அக்கா, புழுக்கை பத்துக்கூட இல்லை, இருப்பதும் மிளகளவே இருக்கிறது" என்று ஓடி வந்தாள். மல்லி வழக்கம்போல்தான் உட்கார்ந்திருந்தது. பார்த்தவர் நோயென்று சொல்லமாட்டார். கொத்தமல்லியை நீட்டினோம், முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா தேநீரை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். ஊசியும் மருந்தும், குழாயால் ஊட்டிய கூழுமாக அன்று பகல் கழிந்தது. இரவு எட்டு மணிக்குத் தட்டில் "டக்" என்று ஒரு சிறு ஓசை. நாங்கள் மூவரும் கைதட்டினோம். புழுக்கைக்குக் கைதட்டிய வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்!

வாங்குமுன் சிந்திப்போம்

நல்ல பராமரிப்பில் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். இன்று ஏழாம் வகுப்பில் இருப்பவள் வாங்கினால், அவள் கல்லூரியை முடித்த பின்னும் அது இருக்கும். பண்டிகைப் பரிசாக வாங்கி, சலித்தபின் தோப்பில் விட்டுவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. வீட்டு முயலுக்கு வெளியில் பிழைக்கத் தெரியாது. முயலை அறிந்த மருத்துவர் ஊரில் உண்டா, கோடையில் குளிர்ந்த இடம் உண்டா, விடுமுறையில் ஊருக்குப் போனால் பார்ப்பவர் யார் என்பவற்றை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பெற்றோரே! பிள்ளை அடம்பிடிக்கிறாள் என்பதற்காக மட்டும் வாங்கித் தராதீர்கள். நீங்களும் சேர்ந்து வளர்ப்பதாயின் வாங்குங்கள்.

முயலுடன் வாழும் இன்பம் ஆரவாரமற்றது. அது வாலாட்டி ஓடி வராது; பெயர் சொல்லிக் கூவாது. அந்தி வேளையில் நாம் பாடம் படிக்கையில் காலடியில் வந்து சாய்ந்து படுக்கும், அவ்வளவே. ஆனால் அந்த அவ்வளவுக்காக நாங்கள் தினமும் கவனிக்கப் பழகினோம். அப்படிப் பழகியபின் வேறு சிலவும் கண்ணில் பட்டன: சாப்பாட்டைப் பாதியில் மூடிவைக்கும் வகுப்புத் தோழி, தலைவலியை யாரிடமும் சொல்லாத அம்மா. கத்துபவரின் துன்பத்தை எல்லாரும் அறிவர். கத்தாதவரின் துன்பத்தைக் காணும் கண்ணை எங்களுக்குத் தந்தது, நாங்கள் காக்கத் தவறிய அந்த வெள்ளை முயலும், காத்துக்கொண்ட இந்த மல்லியுமே.