மார்க்குக்குப் படித்த பிரெஞ்சு

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்து மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் சேரும் பிள்ளைகளிடம் மொழிப்பாடம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கணிசமானவர்கள் ‘பிரெஞ்சு’ என்பார்கள். பாரிஸ் மேல் இருக்கும் ஆசை காரணமில்லை. தமிழில் தொண்ணூறைத் தாண்டத் திணற வேண்டும், பிரெஞ்சில் தொண்ணூற்றேழு சுலபம் என்பது டியூஷன் சென்டர்களிலும் வீட்டுக் கூடங்களிலும் எப்போதோ முடிவாகிவிட்ட கணக்கு. இரண்டு வருடம் இலக்கணம், மொழிபெயர்ப்பு, மனப்பாடம். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த அன்றோடு அந்த மொழிக்கும் பிள்ளைக்கும் உறவு முடிந்துவிடுகிறது.

அதே பிள்ளைகளில் சிலர்தான் பொறியியல் மூன்றாம் ஆண்டில், மாணவர் பரிமாற்ற ஒப்பந்தத்தில், ஒரு செமஸ்டர் படிக்க பிரான்ஸுக்கு விமானம் ஏறுகிறார்கள். 2030-க்குள் ஆண்டுக்கு 30,000 இந்திய மாணவர்களை வரவேற்க வேண்டும் என்பது பிரான்ஸின் அறிவிக்கப்பட்ட இலக்கு. இங்கே பூந்தமல்லியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். பிரெஞ்சு நிறுவனங்களின் கண்ணாடியும் காரும் தயாராகும் இடங்கள். பெற்றோர் கனவு காண்பதற்குக் காரணம் இருக்கிறது. விசா, பணம், டிக்கெட் பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போய் இறங்கிய பிறகு ஓர் ஊரில் குடியேறுவது எப்படி என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

‘பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான், மொழி ஒரு பிரச்னையே இல்ல’ என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில்தான். கிரெநோபிளிலோ ரூவானிலோ ஊர் ஆங்கிலத்தில் இல்லை. வகுப்பு முடிந்து வெளியே கால் வைத்தால் டிராம் அறிவிப்பு, வங்கிப் படிவம், மின்சாரக் கட்டண ரசீது, மேல்வீட்டுப் பாட்டியின் புகார் எல்லாமே பிரெஞ்சு.

முதல் நாள் அறைச் சாவியோடு ஒரு படிவம் தருவார்கள். சுவரில் எத்தனை ஆணி, குழாயில் கசிவு உண்டா, மெத்தையில் கறை இருக்கிறதா என்று அறையின் அன்றைய நிலையை வரிவரியாக எழுதிய ஆவணம் அது. படிக்கத் தெரியாத பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியைப் பிரிக்கும். காலி செய்யும் நாளில் அதே படிவத்தை வைத்துக்கொண்டுதான் அட்வான்ஸில் பிடித்தம் செய்வார்கள். விட்டுப்போன குறை எதையாவது பார்த்தால், குடிவந்த 10 நாளுக்குள் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அங்கே சட்டமே இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வாடகைக்கு ஜாமீன் நிற்க ஓர் ஆள் கேட்பார்கள். அங்கே யாரையும் தெரியாத மாணவர்களுக்கு ‘விசால்’ என்ற இலவசத் திட்டம் ஜாமீன் நிற்கும். வீட்டுக்குக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். இத்தனையும் முதல் வாரத்திலேயே தலையில் வந்து விழும்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? அம்பத்தூரில் தெருமுனை மருந்துக் கடையில் ‘ஜுர மாத்திரை ரெண்டு குடுங்கண்ணே’ என்றால் முடிந்தது. அங்கே 2020 ஜனவரியிலிருந்து பாராசிட்டமாலைக்கூட நாமே கையை நீட்டி எடுக்கிற மாதிரி அடுக்கி வைப்பதில்லை. மருந்தாளரிடம் வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எத்தனை நாளாகக் காய்ச்சல், வேறு மருந்து ஏதும் எடுக்கிறாயா என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ப்ளஸ் டூ பிரெஞ்சு உதவியிருக்க வேண்டும்.

பட்டாபிராமிலிருந்து போய்வந்த ஒரு மாணவர் சொன்னார்: “ப்ளஸ் டூல நான் 97 சார். ஆனா போன்ல ஒருத்தர் நம்பர் சொன்னா எனக்கு எழுதிக்கத் தெரியல.” மிகைப்படுத்தவில்லை அவர். பிரான்ஸில் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள். எழுபதை அறுபதும் பத்தும் என்பார்கள், தொண்ணூறை நான்கு இருபதும் பத்தும் என்பார்கள். நம்பரை எழுதும் கை ‘அறுபது’ என்று ஆரம்பித்துவிட்டு ‘எழுபத்திரண்டு’க்கு மாறுவதற்குள் அடுத்த ஜோடி வந்துவிடும். ஒன்று முதல் நூறு வரை தாளில் தப்பில்லாமல் எழுதிய பிள்ளைக்கு, காதில் கேட்டுப் பழக்கமில்லை.

பிறகு அந்த மார்க். அங்கே எதற்கும் மதிப்பெண் இருபதுக்குத்தான். பத்து எடுத்தால் பாஸ், பதினான்கு எடுத்தால் நல்ல மாணவர், பதினாறைத் தாண்டுவது அபூர்வம். பள்ளியில் தொண்ணூற்றைந்துக்குக் கீழே பார்க்காத பிள்ளை பன்னிரண்டைப் பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறது. அது மோசமான மதிப்பெண் இல்லையம்மா, அங்கே அதற்கு மரியாதை உண்டு என்று புறப்படும் முன்பே யாராவது சொல்லி அனுப்பியிருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை சாயங்காலங்கள்தான். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஆறு மணி என்றால் ஆவடியில் இரவு பத்தரை. அம்மா ‘சாப்ட்டியாடா’ என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பார். வெளியே இருட்டியிருக்கும். சின்ன ஊர் என்றால் கொஞ்ச நேரத்தில் கடைகளும் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே அப்படி. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் விளையாட்டுக் குழு, இசைக் குழு, மலையேற்றச் சங்கம் என்று போய்விடும். எல்லாவற்றுக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போய்ப் பேசத்தான் நாவு எழவில்லை. அதனால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? நான்கு இந்தியர்கள் ஒரு சமையலறையில் கூடி, குக்கரில் சோறு வைத்து, ஊர்க் கதை பேசி, இங்கே ஹாஸ்டலில் இருந்த மாதிரியே இருந்துவிட்டு வருகிறார்கள். பாரிஸுக்குப் போனால் லா ஷப்பேல். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த அந்தப் பகுதியில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கிற சந்தோஷம் எனக்கும் புரிகிறது. வாரக்கடைசியில் அது வேண்டும்தான். ஆறு மாதமும் அதுவே என்றால், அந்தப் பிள்ளை பிரான்ஸில் எங்கே இருந்தது?

கைப்பேசியே மொழிபெயர்த்துக் கொடுக்கிறது, ஒரு செமஸ்டருக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் உண்டு. படிவத்துக்குக் கைப்பேசி போதும். கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் சிரித்துச் சிரித்துப் பேசும்போது கைப்பேசியை யார் முகத்துக்கு நேரே நீட்டுவது?

இதே பகுதியிலிருந்து போன ஒரு மாணவி வேறு மாதிரி செய்தார். தேர்வாவோமா என்று தெரியாத காலத்திலேயே, சனிக்கிழமைதோறும் மின்சார ரயில் பிடித்து நுங்கம்பாக்கத்துக்குப் போய்ப் பேச்சு பிரெஞ்சு படித்தார். பிரான்ஸுக்குப் போன பிறகு கடைக்குள் நுழைந்ததும் ‘பொன்ஷூர்’ சொல்லிவிட்டுத்தான் மற்றது. அதைச் சொல்லாமல் விலை கேட்டால் மரியாதைக் குறைவு அங்கே. ரொட்டிக் கடைக்காரம்மா முதலில் பேச்சைத் திருத்தினார், பிறகு ஊரைக் கேட்டார், பிறகு தம் பேத்தி ஆடும் இறகுப்பந்துக் குழுவைக் காட்டினார். வாரம் இரண்டு மாலை அங்கே போயின. மாணவியின் இலக்கணம் இன்றைக்கும் தப்புத் தப்பாகத்தான் இருக்கிறதாம்.

நுங்கம்பாக்கத்துக்கு ரயில் ஏறும் வசதியும் காசும் எல்லோருக்கும் வாய்க்காது. கல்லூரி பஸ் கிளம்பும் நேரத்தில் நாள் முடிந்துவிடும் பிள்ளைகள்தான் இங்கே அதிகம். வகுப்பு கல்லூரிக்குள்ளேயே, பஸ் கிளம்பும் முன்பே நடக்க வேண்டும். ஓரளவு பேசிச் சமாளிக்கும் நிலைக்கு 200 மணி நேரப் பயிற்சியாவது ஆகும். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் என்றால் நாற்பது வாரம். அடுத்த ஜனவரியில் அனுப்பப் போகிற பிள்ளைக்கு அக்டோபரில் விசாக் காகிதங்கள் சேர்க்க ஆரம்பிக்கிறோம். அதற்குள் முக்கால் வருடம் போயிருக்கும். வகுப்பை முந்தைய பிப்ரவரியிலேயே தொடங்க வேண்டும், தேர்வுத்தாள் இல்லாமல், மார்க் இல்லாமல்.