கோடரி பிஷப்!

கோபன்ஹேகன் நகரில் ஒரு சிலை. குதிரை மேல் கவசம், கையில் கோடரி. யாரோ ராஜா என்று நினைத்துவிடாதீர்கள். பிஷப், சார்! பெயர் அப்சலோன். 1158-ல் ரோஸ்கில்ட் பிஷப் ஆனவர்.

கடற்கொள்ளையர் தொல்லை தாங்கவில்லை. மன்னர் முதலாம் வால்டெமார் 'ஹாவன்' என்ற சின்னத் துறைமுக ஊரை இவர் கையில் கொடுத்தார். மனுஷர் ஜெபத்தோடு நிற்கவில்லை. 1167 வாக்கில் கோட்டை கட்டினார். 1168-ல் படையோடு போய் ஆர்கோனாவையும் பிடித்தார்!

காவல் பலமானதும் கடைவீதி களைகட்டாதா? ஊர் பேரே 'வியாபாரிகளின் துறைமுகம்' ஆயிற்று. (பி.காம். படித்தவனுக்கு இதைவிட என்ன வேணும்!) 'நகரத்தை நிறுவியவர்' என்று இவரைச் சொல்வதுதான் கொஞ்சம் ஓவர். தோண்டிப் பார்த்ததில் ஊர் இவருக்கும் மூத்தது.

கோட்டையை 1369-ல் இடித்தது யார்? ஹான்ஸா நகரத்து வியாபாரிகள்! மிச்சக் கற்கள் இன்று டென்மார்க் பார்லிமெண்டுக்கு அடியில். டிக்கெட் வாங்கினால் பார்க்கலாம்.