நாற்பது சதுர அடியில் ஒரு வீடு!

லடாக் ட்ரிப் பிளான் போட்டாச்சா? பழைய ஆம்னி வேன் ஒண்ணு வாங்கணும், பின் சீட்டைக் கழற்றிக் கடாசிட்டு பெட் போடணும், மச்சான்ஸோட ஊர் ஊரா சுத்தணும்... இந்தக் கனவு இல்லாத ஹாஸ்டல் ரூம் தமிழ்நாட்டில் உண்டா என்ன? வேனுக்குள் காபி போட்டுக் குடிக்கிற வெள்ளைக்காரத் தம்பதியின் ரீல்ஸுக்கு லைக் போட்டே நம்ம கட்டைவிரல் தேய்ந்துவிட்டது!

அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டாம். ராயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காசிமேடு தாண்டி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் அப்படியே வடக்கே நடங்கள். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம், ஒன்றன்பின் ஒன்றாகக் கன்டெய்னர் டிரெய்லர்கள். ஒவ்வொரு கேபினும் ஒரு வீடு. சமையல், தூக்கம், குளியல், துணி காயப்போடுவது எல்லாமே அங்கேதான். இன்டீரியர் டிசைனர், ஆர்க்கிடெக்ட் யாரும் கிடையாது. டிரைவர் அண்ணன்களே டிசைனர்கள்.

நானும் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம்தான். மெஷின் டிசைன் புத்தகத்தில் படித்த பாதி விஷயம், இந்தக் கேபின்களில் நட்டு போல்ட்டோடு முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வாங்க, ஏறிப் பார்க்கலாம்!

ஏன் இந்த வரிசை?

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983-ல். நாட்டிலேயே முதன்முதலாகக் கன்டெய்னருக்கென்றே கட்டப்பட்ட முனையம் அது. 2001-ல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014-ல் அதற்குக் காமராஜர் பெயர் வைத்தார்கள். பக்கத்திலேயே காட்டுப்பள்ளி. இத்தனை கேட்டுக்கும் சரக்கு போக வேண்டும். ஆனால், ரோடு? அதே பழைய வட சென்னைதான்!

எண்ணூர் மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று, பல வருஷம் இழுத்துக்கொண்டே போய் ஒருவழியாக முடிந்தது. மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டி, 2012-ல் வேலை நின்று, மறுபடி 2022-ல் ஈரடுக்குப் பாலமாகப் புது அடிக்கல். இதற்கு நடுவில், 2010-களில் ஜீரோ கேட்டில் தொடங்கும் வரிசை திருவொற்றியூர் தாண்டி நாள்கணக்கில் நின்ற கதையெல்லாம் பேப்பரில் வந்திருக்கிறது.

ஒரு நாள் தாமதம் என்றால் நாம் லாட்ஜில் ரூம் போடுவோம். அவர் வண்டியைவிட்டு இறங்க முடியாது. முன்னால் இருக்கும் லாரி பத்தடி நகர்ந்தால் அவரும் நகர வேண்டும். இல்லாவிட்டால் வரிசை போச்சு! வண்டியே வீடானது இப்படித்தான்.

தூங்கறதும் இன்ஜினீயரிங்தான்

நம்ம ஊரில் கேபின் கட்டுவதென்றால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகள்தான் ஃபேமஸ். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் லாரிக்கு மரமும் தகடும் வைத்து முகம் செய்து அனுப்புவார்கள். சேஸிஸ் செய்த கம்பெனிகளில் ஒன்று நம்ம எண்ணூர்க்காரர்! கார் பூட்டுவதற்காக 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ்தான், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.

கேபினுக்குள் மொத்த இடம் நாற்பது சதுர அடியைத் தாண்டினாலே பெரிய விஷயம். அதில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பலகை. அதுதான் பெர்த். அமெரிக்காவில் லாரி பெர்த்துக்கென்று சட்டமே அளவு சொல்கிறது. நீளம் 75 அங்குலம், அகலம் 24 அங்குலம், மெத்தைக்கு மேலே குறைந்தது 24 அங்குல இடைவெளி. அதாவது, ஆறடி ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், ஒருக்களித்துத் திரும்பலாம். உங்கள் ஆம்னி வேனுக்கும் இந்த அளவையே குறித்துக்கொள்ளுங்கள். இதற்குக் குறைந்தால், அது படுக்கை இல்லை... தண்டனை!

அடுத்த வில்லன், சூடு. தட்டை மூக்கு லாரிகளில் இன்ஜின் கேபினுக்கு அடியிலேயே இருக்கும். நாள் முழுக்க ஓடிய இன்ஜின், நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் அடுப்பு மாதிரி கனன்றுகொண்டிருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் இன்ஜின் மேட்டின் மேல் கனத்த தென்னைநார் மேட் போட்டு, பெர்த் பலகையைத் தரையோடு ஒட்டாமல் நாலு விரற்கடை தூக்கி வைக்கிறார்கள். நடுவில் காற்று ஓடும், சூடு ஏறாது. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் இதற்குப் பதினாறு மார்க் பாஸ்! தெர்மக்கோல் மட்டும் வைத்துவிடாதீர்கள். தீப்பிடித்தால் உருகி ஒழுகிக்கொண்டே எரியும்.

ஜன்னலுக்குக் கொசுவலை அவசியம். வெல்க்ரோ பட்டை ஒட்டிவிட்டால் ரெண்டு நிமிஷத்தில் மாட்டலாம், கழற்றலாம். எண்ணூர்ப் பக்கம் கொசு ஒரு பக்கம், நிலக்கரித் தூசு மறுபக்கம் என்று டபுள் அட்டாக் இருக்கிறதே!

பெட்டி ராஜ்ஜியம்

டிரெய்லரின் இடுப்பில் தொங்கும் பெட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்றில் ஜாக்கி, ஸ்பானர். இன்னொன்றில் அரிசி, பருப்பு, பாத்திரம். சமையல் பெட்டியின் கதவுக்குக் கீல் அடிப்பக்கம் இருந்தால் இன்னும் விசேஷம். திறந்து கீழே சாய்த்து, ரெண்டு சங்கிலியில் நிறுத்தினால் அதுவே மேடை. காய் நறுக்கலாம், சாப்பிடலாம். பக்கத்தில் குழாய் வைத்த தண்ணீர் டிரம்.

இதில் மூணு பாடம் இருக்கிறது.

ஒன்று, கனமானது கீழே, லேசானது மேலே. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தலைக்கு மேல் ஷெல்ஃபில் வைத்தீர்கள் என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி சட்டென்று நின்றால், அந்தக் கேன் அதே வேகத்தில் முன்னால் பாயும். சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக்கு மேலிருந்து உங்கள் பிடரியில் விழுவதற்குச் சமம். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் கேனுக்கு இடம் தரையில், அதுவும் பெல்ட் போட்டுக் கட்டி!

ரெண்டு, எல்லாவற்றுக்கும் பூட்டு. இப்போதைய லாரிகளில் இன்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் கேபினையே முன்னால் கவிழ்ப்பார்கள். உள்ளே கொக்கி போடாத டப்பா எல்லாம் கண்ணாடிக்கு வந்து சேரும். உங்கள் வேன் கவிழாதுதான். ஆனால், மலைப்பாதை வளைவில் அதுவும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்!

மூணு, கடல் காற்று. திருவொற்றியூரில் ஒரு வருஷம் நின்ற சைக்கிளைப் பார்த்தாலே புரியும். அலுமினியத் தகட்டை இரும்பு போல்ட்டால் நேரடியாக முறுக்கினால், உப்புக் காற்றில் ரெண்டும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து, அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் போடுங்கள். பெட்டி அடியில் தண்ணீர் வடிய ரெண்டு ஓட்டையும் போடுங்கள்.

கரன்ட் கணக்கு

கனரக லாரியில் ஓடுவது 24 வோல்ட். ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருப்பார்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கார் ஃபேன், கார் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட் ஆச்சே என்று ஒரே ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பார்கள். அந்த பேட்டரி இளைக்கும், மற்றது ஓவராகச் சார்ஜ் ஆகும், கொஞ்ச நாளில் ரெண்டுமே காலி! 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது. அதை மாட்டுவதுதான் முறை.

கணக்கு சிம்பிள். ரெண்டும் தலா 100 ஆம்பியர்-ஹவர் என்றால் மொத்தம் 2,400 வாட்-ஹவர். ஸ்டார்ட் செய்ய மிச்சம் வேண்டுமே... கால்வாசிக்கு மேல் தொடக்கூடாது. ஆக, 600. பதினைந்து வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 120. எல்.இ.டி. விளக்கு ஒரு 20. ரெண்டு செல்போன் 30. மொத்தம் 170-தான். நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால், 500 வாட் கூலர் மாட்டினால் அதே எட்டு மணி நேரத்துக்கு 4,000. விடிந்ததும் வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். டிரெய்லரை யார் தள்ளுவது?

இதை மட்டும் வேண்டாம்!

கதவைச் சாத்திக்கொண்டு கேபினுக்குள் சமைப்பது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையிலேயே தேங்கும். ஒரு தீப்பொறி போதும். அடுப்பு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வேறு. நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கத்திலேயே கதை முடிந்துவிடும். மழை நேரத்து வேன் ட்ரிப்பிலும் இதே ஆபத்துதான். அடுப்பு எப்போதும் வெளியே!

அடுத்தது, டிரெய்லருக்கு அடியில் தூளி. நிழல், காற்று, ஆட்டம் எல்லாம் சூப்பர்தான். ஆனால், நீங்கள் கீழே இருப்பது தெரியாமல் யாராவது வண்டியை எடுத்தால்? சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. பின்னாலிருந்து இன்னொரு லாரி இடித்தாலும் போதும். தூளி கட்ட மரம் இருக்கிறது, டயர் இருக்கிற இடம் வேண்டாம்.

மூன்றாவது, சேஸிஸில் வெல்டிங். அந்த இரும்பு, பதம் பார்த்துத் தயாரித்தது. சூடு வைத்த இடத்தில் பலம் போய், பிறகு விரிசல் விடும். ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் கிளாம்ப், யு-போல்ட் போட்டே பெட்டியைத் தொங்கவிடலாம். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருப்பதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. கழற்றி மாட்டக்கூடிய கட்டில், பெட்டி வேறு, பாடியை அறுப்பது வேறு. ஆம்னியில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கும் இதில் பங்கு உண்டு

‘லாரிக்காரர் எப்படித் தூங்கினா நமக்கென்ன?’ என்று கேட்கிறீர்களா? திருவொற்றியூரிலிருந்து காலை ஏழு மணிக்கு டூ வீலரில் காலேஜ் கிளம்பும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் வலது தோளுக்கு ரெண்டடி தள்ளி ஓடுவது, அவருடைய டயர்தான்.

1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் டாசனும் ரீடும் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஆளின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் ஏறிய ஆள் மாதிரி தடுமாறுகின்றன என்று தெரிந்தது. நம் நாட்டில் 0.03 தாண்டினாலே டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ்! ஊத வைத்துப் பிடிக்கக் கருவி இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பத்தடி பத்தடியாக நகர்ந்துவிட்டு வரும் மனுஷனின் தூக்கத்தை எதை வைத்து அளப்பது?

1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று எழுதியது. ஐரோப்பாவில் டிரைவர்கள் 45 மணி நேர வார ஓய்வைக் கேபினுக்குள் எடுக்கவே கூடாது, தங்க முறையான இடம் தர வேண்டும் என்கிறார்கள். இங்கே 2025 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம், கை தட்டுவோம். ஆனால், ஒரு சிக்கல். அந்த ஏ.சி. ஓட இன்ஜின் ஓட வேண்டும். வரிசையில் நிற்கும்போது இன்ஜினை ஓட்டினால் டீசல் செலவு, புகை. நிறுத்தினால் மறுபடியும் அதே சூடு. அவர் தூங்க வேண்டிய நேரத்தில்தான் ஏ.சி. தூங்குகிறது!

இங்கேதான் நாம் வருகிறோம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு லைன் ஃபாலோவர் ரோபோவை இன்னும் எத்தனை பேட்ச் செய்யப்போகிறது? இதோ ஒரு சவால். இன்ஜின் ஓடாமல், 600 வாட்-ஹவருக்குள், எண்ணூரின் மே மாத இரவில் ஒரு கேபினை எட்டு மணி நேரம் தூங்கும்படி வைத்திருக்க வேண்டும். கூரையில் சோலார் தகடா, வெளிச்சத்தைத் திருப்பும் பெயின்ட்டா, மெத்தைக்குள் மட்டும் காற்று ஓடும் ஃபேனா? பாடி அறுக்கக் கூடாது, கேபின் கவிழ்த்தால் எதுவும் விழக் கூடாது, உப்புக் காற்றில் அரிக்கக் கூடாது. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், மெட்டீரியல்ஸ்... மூணு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்தால்தான் முடியும்.

லேபில் உட்கார்ந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்பிரஸ் ரோடு டீக்கடைக்குப் போய், ரெண்டு டீ சொல்லிவிட்டு, ‘அண்ணே, கேபினைக் கொஞ்சம் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். தூங்கிக்கொண்டிருந்தால் மட்டும் கதவைத் தட்டாதீர்கள். பக்கத்து லாரி அண்ணனிடம் கேட்டுக்கொள்ளலாம். டேப், நோட்டு, தெர்மாமீட்டர் மூணையும் மறக்காமல் எடுத்துட்டுப் போங்க பாஸ்!